அரியாட்னேயின் நூலுருண்டை: புதிர்வழிப் பின்னல் பையில் நேரும் பிழைகள்

நான் பின்னிய முதல் புதிர்வழிப் பைக்குள் கிரேக்கக் கதை நாயகன் தீசியஸ் நுழைந்திருந்தால் இன்றைக்கும் அவன் அங்கேதான் சுற்றிக்கொண்டிருப்பான். உள்துணி தைத்து, வார் பொருத்தி, காந்தப் பொத்தானும் வைத்து முடித்த பிறகு, அக்கா மகள் பையை மடியில் வைத்துக்கொண்டு வழியின்மேல் விரலை ஓட்டினாள். நான்காவது சுற்றில் விரல் நின்றது. “சித்தி, இங்கே வழி அடைத்திருக்கிறதே!” ஒரே ஒரு கண்ணி, பின்னலின் ஒரே ஒரு வளையம். அந்த ஒரு கண்ணிக்காகப் பையை முழுவதும் பிரிக்க மனமில்லாமல் மேலே ஊசிநூலால் பூசி மெழுகினேன். உற்றுப் பார்த்தால் இன்றும் தெரியும்.

அதன் பிறகு பின்னிய பைகளில் வேறு வேறு பிழைகள் செய்தேன். அவற்றைக் கண்ணில் படும் அறிகுறியைக் கொண்டே இங்கே பிரித்து எழுதுகிறேன். உங்கள் பையில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். அதற்கு முன் பையைப் பற்றிச் சில வரிகள்.

கிரீட் தீவின் அரசன் மினோஸ், மனித உடலும் காளைத் தலையும் கொண்ட மினோட்டாரை அடைத்துவைக்க டெடலஸைக் கொண்டு ஒரு புதிர்வழியைக் கட்டுவிக்கிறான். ஏதென்ஸ் நகரம் ஏழு இளைஞர்களையும் ஏழு கன்னியரையும் அதற்கு இரையாக அனுப்ப வேண்டும். அவர்களில் ஒருவனாக வந்த தீசியஸின் கையில் அரசன் மகள் அரியாட்னே நூலுருண்டை ஒன்றைத் தருகிறாள். அவன் வாசலில் நுனியைக் கட்டி, நூலை விட்டுக்கொண்டே உள்ளே போய், மினோட்டாரைக் கொன்று, அதே நூலைப் பிடித்துத் திரும்புகிறான். நூலுருண்டை ஒன்று உயிர் காத்த கதையைப் பின்னல்காரர்கள் விட்டுவிட முடியுமா?

நோசஸ் நகரத்துப் பழைய வெள்ளி நாணயங்களில் இந்தப் புதிர்வழி வட்டமாகவும் சதுரமாகவும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதற்கும் முந்தையது பைலோஸ் அரண்மனையில் கிடைத்த களிமண் பலகை, சுமார் கி.மு. 1200ஐச் சேர்ந்தது. முன்பக்கம் ஆடுகளின் கணக்கு. பின்பக்கம் சதுரமான ஏழு சுற்றுப் புதிர்வழி. கணக்கு எழுதியவருக்கு வேலை அலுத்திருக்க வேண்டும். பின்னலுக்கு ஏற்றது அந்தச் சதுர வடிவம்தான், ஏனென்றால் நிமிர்ந்த கோடும் படுத்த கோடும் மட்டுமே அதில் உண்டு.

பின்னும் முறை மொசைக். அமெரிக்கரான பார்பரா வாக்கர் இந்தப் பெயரை வைத்துப் பரப்பினார். ஒரு வரிசையில் ஒரே நிறம்தான் பின்னுவோம். மற்ற நிறம் தெரிய வேண்டிய இடத்தில் கண்ணியைப் பின்னாமல் இடது ஊசியிலிருந்து வலது ஊசிக்கு அப்படியே மாற்றுவோம். இதை நான் ‘கடத்தல்’ என்று சொல்வது வழக்கம், காவல்துறை கோபிக்க வேண்டாம். எல்லா வரிசையும் நிட் (நேர்ப் பின்னல்) கண்ணிதான், பர்ல் (மறுபக்கப் பின்னல்) கிடையாது. போய்த் திரும்பும் இரண்டு வரிசைகள் சேர்ந்து ஒரு மேடாக எழும். அதற்கு ‘வரப்பு’ என்று பெயர் வைத்திருக்கிறேன். வரப்புக்கு வரப்பு நிறம் மாறும். மதில் கருநீலம், வழி சந்தன நிறம்.

அளவு: புதிர்வழிக்கு 31 கண்ணி, 29 வரப்பு. இரு ஓரமும் இரண்டிரண்டு கண்ணி, அடியிலும் மேலிலும் ஒவ்வொரு சந்தன வரப்பு. ஆக 35 கண்ணி, 31 வரப்பு. நடுத்தரத் தடிமனுள்ள கம்பளி நூலையும் 3.75 மி.மீ. ஊசியையும் வைத்துப் பின்னினால் 10 செ.மீ.க்கு 19 கண்ணி வரும், முன்பக்கம் ஏறத்தாழப் பதினெட்டரை செ.மீ. அகலமும் பதினாறரை செ.மீ. உயரமுமாக அமையும். நீலம் 100 கிராம், சந்தனம் 50 கிராம் போதும்.

படத்தைக் கட்டத்தாளில் நீங்களே வரைந்துகொள்ளுங்கள். கோலம் போடும் கைக்கு இது ஐந்து நிமிட வேலை. வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசைப் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளிக்கும் இடையே ஒரு கட்டம் விட்டு. நடு வரிசையையும் நடு நிரையையும் முழு நீளத்துக்குக் கோடாக்கினால் ஒரு கூட்டல் குறி. அதன் நான்கு மூலைகளிலும் மடங்கிய முழங்கைபோல ஒவ்வொரு கோணம், முனைகள் வெளியே பார்க்கும்படி. நான்கு கடைசி மூலைகளிலும் புள்ளி அப்படியே இருக்கட்டும். இப்போது கூட்டல் குறியின் மேல் நுனியை அதற்கு வலப்பக்கத்து நுனியோடு வளைத்து இணையுங்கள். அடுத்து இடப்பக்கம் மிஞ்சிய முதல் நுனியை வலப்பக்கம் மிஞ்சிய முதல் நுனியோடு, முந்தைய வளைவுக்கு வெளியே, ஒரு கட்டம் விட்டு இணையுங்கள். எட்டு வளைவில் முடிந்துவிடும். வளைவு என்றாலும் சதுரமாகவே திரும்ப வேண்டும்.

கடைசியாகச் சொன்னாலும் இதை முதலில் செய்யுங்கள்: எட்டு வரப்புக்கு ஒருமுறை, ஊசியில் இருக்கும் எல்லாக் கண்ணிகளின் ஊடாகவும் வேறு நிறப் பருத்தி நூல் ஒன்றைத் தையல் ஊசியால் கோத்து அப்படியே விடுங்கள். காப்பு நூல். எவ்வளவு பெரிய பிழையானாலும் பிரித்துக்கொண்டு வந்தால் அந்த நூலில் வந்து நிற்கும், ஒரு கண்ணியும் நழுவாது. ஏழு சுற்றுப் புதிர்வழியில் கிளை கிடையாது, ஒரே வழிதான். அதில் நடப்பவனுக்கு நூல் எதற்கு என்று அறிஞர்கள் கேட்பதுண்டு. பின்னுகிறவளுக்கு எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

விரல் ஓட்டினால் வழி அடைபடுகிறது

எல்லாப் பிழைகளிலும் இதுதான் தலையாயது. சோதனை எளிது. வெளிச்சுற்றை ஒன்று என்றும் உட்சுற்றை ஏழு என்றும் எண்ணுங்கள். வாசலில் விரலை வைத்து வழியே போனால் சுற்றுகள் இந்த ஒழுங்கில் வர வேண்டும்: 3, 2, 1, 4, 7, 6, 5, பிறகு நடு. இந்த ஒழுங்கில் எங்கே தடை வருகிறதோ அங்கே பிழை இருக்கிறது. விரல் ஒரு சுற்றிலிருந்து இன்னொன்றுக்குக் குறுக்கே பாய முடிந்தால் அங்கே மதில் இடிந்திருக்கிறது. பின்னி முடித்த பிறகு பார்க்காதீர்கள். எட்டு வரப்புக்கு ஒருமுறை, காப்பு நூல் கோக்கும் முன், கட்டத்தாளையும் பின்னலையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

பிழை ஒரே இடத்திலா, வரப்பு முழுவதுமா என்பதை அடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு வரப்பில் எல்லாக் கோடுகளும் ஒரு கண்ணி தள்ளி நின்றால், ஓரக் கண்ணி இரண்டில் ஒன்றை எண்ண மறந்து படத்தைத் தொடங்கியிருக்கிறீர்கள். அந்த வரப்பு வரை பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. முன்வரிசை முடிந்ததும் கடைசியில் இரண்டு ஓரக் கண்ணி மிஞ்சுகிறதா என்று பார்க்கும் பழக்கம் இருந்தால் இது நேராது.

ஒரே இடம் என்றால் பிரிக்க வேண்டாம். அந்தக் கண்ணிக்கு நேர் மேலே ஊசியில் இருக்கும் கண்ணியைக் கழற்றி, ஏணிபோலக் கீழே பிழை வரைக்கும் அவிழ விடுங்கள். நீல மதில் நிற்க வேண்டிய இடத்தில் சந்தனம் பின்னியிருந்தால், அந்த வரப்பின் இரண்டு சந்தனக் குறுக்கு நூல்களையும் கண்ணிக்குப் பின்னால் தள்ளிவிட்டு, கீழே நிற்கும் நீலக் கண்ணியைக் கொக்கி முனையுள்ள குரோஷே ஊசியில் பிடித்து, அவற்றுக்கு மேலே உள்ள நீலக் குறுக்கு நூலுக்கு நேரே கொண்டுபோங்கள். ஒவ்வொரு வரப்பிலும் முதல் நூலை முன்பக்கமாக இழுக்க வேண்டும், இரண்டாவதைப் பின்பக்கமாக. இரண்டையும் முன்பக்கமே இழுத்தால் வரப்பு எழாமல் அந்த இடம் மட்டும் வழுக்கலாகப் பள்ளமாகத் தெரியும். பின்னால் தள்ளிய சந்தன நூல் கொஞ்சம் தொளதொளப்பாக இருக்கும், பக்கத்துக் கண்ணிகளை ஊசிநுனியால் ஒவ்வொன்றாக இழுத்து அந்தத் தளர்வைப் பங்கிட்டுவிடுங்கள்.

எதிர்மாறான பிழை, அதாவது பின்ன வேண்டியதைக் கடத்திவிட்டது, சற்று முரண்டு பிடிக்கும். பின்னால் ஓடும் நூல் குட்டையாக இருப்பதால் அதிலிருந்து கண்ணி எடுத்தால் சுருங்கி நிற்கும். இருபுறமும் மூன்று மூன்று கண்ணியிலிருந்து நூல் கடன் வாங்கினால் சமாளிக்கலாம். கண்ணி சுருங்கியிருந்தால் நனைத்து உலர்த்தும்போது பாதி சரியாகிவிடும்.

என் கைக்கு இந்தப் பிழை அதிகமாக நேர்ந்தது திரும்பும் வரிசையில். திரும்பும் வரிசைக்குப் படம் பார்க்க வேண்டியதே இல்லை. கையில் இருக்கும் நிறத்துக் கண்ணி வந்தால் நிட், மற்ற நிறம் வந்தால் கடத்தல், அவ்வளவுதான். அந்த எளிமையே ஆபத்து. தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே பின்னுவேன். மற்ற நிறத்தையும் சேர்த்துப் பின்னியிருப்பேன். முன்பக்கம் பார்த்தால் மதிலின் நடுவே சந்தன நிறத்தில் பாதிக் கண்ணி ஒன்று எட்டிப்பார்க்கும்.

பின்னத் தொடங்கியதுமே சரிபார்க்க அடிச் சந்தன வரப்புக்கு மேலே வரும் முதல் மூன்று வரப்புகளைத் தருகிறேன். ஓரக் கண்ணிகளை விட்டு, வலமிருந்து எண்ணுங்கள். முதல் வரப்பு நீலம்: 18ஆம் கண்ணியை மட்டும் கடத்த வேண்டும், அதுவே வாசல். இரண்டாவது சந்தனம்: 1, 17, 19, 31 ஆகியவற்றைக் கடத்துங்கள். மூன்றாவது நீலம்: 2, 16, 18. இந்த மூன்றும் உங்கள் கட்டத்தாளோடு பொருந்தினால் படம் சரி.

அடியில் இடது பக்கம் ஒரு பட்டைக்குள் விரல் போகவே இல்லை

இது பிழையல்ல. இந்த வடிவத்தில் வலது அடி இடது அடியைவிட ஒரு படி தாழ்ந்து நிற்கும். கல்லிலோ மணலிலோ வரைகிறவர்கள் அதை அப்படியே விட்டுவிடலாம். மொசைக்கில் நீல வரப்பு ஓரம் முதல் ஓரம் வரை ஓடியே தீர வேண்டும், பத்துப் பன்னிரண்டு கண்ணியைச் சேர்த்துக் கடத்த முடியாது. ஆகவே அந்த இடைவெளியை மூடிய பெட்டியாக விட்டிருக்கிறேன். இரண்டாவது வரப்பில் 19ஐயும் 31ஐயும் கடத்தச் சொன்னது இதற்காகத்தான். 19ஐ மறந்தால் வாசலில் நுழைந்ததும் இடப்பக்கம் பொய்வழி ஒன்று திறந்துகொள்ளும்.

பெட்டி வலப்பக்கம் விழுந்திருக்கிறதா? படத்தை இடமிருந்து வலமாகப் படித்துவிட்டீர்கள். முழுவதும் அப்படியே படித்திருந்தால் கண்ணாடியில் பார்த்த புதிர்வழி, சுற்றுகளின் ஒழுங்கு மாறாது. பாதியில் திசை மாறியிருந்தால்தான் அழ வேண்டும்.

புதிர்வழி கோபுரம்போல நெட்டையாக வளர்கிறது

திரும்பும் வரிசையை பர்ல் பின்னியிருக்கிறீர்கள். எல்லா வரிசையும் நிட் என்றால் இரண்டு வரிசையின் உயரம் ஒரு கண்ணியின் அகலத்துக்கு ஏறத்தாழச் சமம், அதனால்தான் சதுரம் சதுரமாக வருகிறது. பர்ல் கலந்தால் உயரம் கூடிவிடும், ஓரமும் சுருண்டுகொள்ளும். பிடிவாதமாக அப்படியே பின்னி முடித்துக் கைப்பேசிப் பை என்று பெயர் மாற்றிய ஒருவரை எனக்குத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன்.

கடத்திய கண்ணிக்குக் குறுக்கே ஒரு நூல் படுத்திருக்கிறது

கடத்தும்போது பின்னும் நூல் எப்போதும் பையின் உட்பக்கம் இருக்க வேண்டும். முன்வரிசையில் நூல் ஊசிக்குப் பின்னால். திரும்பும் வரிசையில் நூலை உங்கள் பக்கம் கொண்டுவந்து கடத்தி, மறுபடி பின்னால் தள்ளி நிட். திரும்பும்போது நூலை முன்னே கொண்டுவர மறந்தால் அது பையின் முகத்தில் கம்பி போட்டதுபோலக் கிடக்கும்.

ஊசியில் இருக்கும்போதே கண்டால் அந்தக் கண்ணி வரை பிரித்துச் சரிசெய்யலாம். வெகுதூரம் போய்விட்டால் அந்தக் கண்ணியை மட்டும் அவிழ்த்து, குறுக்கு நூலைப் பின்னே தள்ளி, மறுபடி ஏற்றிவிடுங்கள். ஐந்து நிமிடம்.

மதில் கண்ணி முறுக்கிக்கொண்டு ஒல்லியாக நின்றால் காரணம் வேறு. நிட் பின்னுவதுபோல ஊசியை நுழைத்துக் கடத்தியிருக்கிறீர்கள். பர்ல் பின்னுவதுபோல, வலது ஊசி நுனியை வலமிருந்து இடமாக நுழைத்துக் கடத்த வேண்டும்.

நடுவில் குமிழி குமிழியாகச் சுருங்குகிறது

பின்னால் ஓடும் நூல் இறுகிவிட்டது. கடத்திய பிறகு வரும் முதல் கண்ணியைப் பின்னுவதற்கு முன் வலது ஊசியில் உள்ள கண்ணிகளைக் கட்டைவிரலால் நன்றாகப் பரப்பிவிடுங்கள், நூல் தனக்கு வேண்டிய நீளத்தை எடுத்துக்கொள்ளும். பின்னி முடித்ததில் இலேசான சுருக்கம் இருந்தால் நனைத்து ஊசி குத்தி உலர்த்தினால் போய்விடும். கையால் இழுத்தும் நேராகவில்லை என்றால் தண்ணீரும் நேராக்காது, பிரியுங்கள்.

நிறம் மாற்ற மறந்துவிட்டேன்

ஏதென்ஸிலிருந்து கறுப்புப் பாயோடு புறப்பட்ட தீசியஸ், உயிரோடு திரும்பினால் வெள்ளைப் பாய் கட்டுவதாகத் தந்தை ஏஜியஸுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். வெற்றிக் களிப்பில் மறந்தான். கரையில் நின்ற கிழவர் கறுப்புப் பாயைக் கண்டு கடலில் விழுந்தார், ஏஜியன் கடல் என்ற பெயருக்கு அவரைத்தான் காரணம் சொல்கிறார்கள். நமக்கு அவ்வளவு இழப்பு இல்லை. ஒரே நிறத்தில் நான்கு வரிசை பின்னிவிட்டால் இரண்டை பிரித்தால் போதும்.

வலது ஓரத்தில் இரண்டு நூலும் சேர்ந்து தொங்குகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். தொங்கினால் நிறம் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

வலது ஓரம் குட்டை, இடது ஓரம் நெட்டை

நிறம் மாற்றும் ஓரத்தில் காத்திருக்கும் நூலை இழுத்துப் பிடித்து மேலே ஏற்றியிருக்கிறீர்கள். வித்தியாசம் அரை செ.மீ.க்குள் இருந்தால் நனைத்துச் சரிசெய்யலாம், மீதியைத் தையல் மறைத்துவிடும். அதற்கு மேல் என்றால் காப்பு நூல் வரை பிரிப்பதே மேல். ஓரத்து நூலை வெட்டிவிடலாமே என்று தோன்றும். வெட்டாதீர்கள். வெட்டிய முனைகளை மறைத்துத் தைக்கும் வேலை, பிரித்துப் பின்னுவதைவிட நீளம்.

இரண்டு உருண்டையும் முறுக்கிச் சிக்கிக்கொள்கிறது என்பது இதன் தங்கை. நீலத்தை வலத்தொடைப் பக்கமும் சந்தனத்தை இடத்தொடைப் பக்கமும் வைத்து, ஒருமுறை இடமாகத் திரும்பினால் அடுத்த முறை வலமாகத் திரும்புங்கள். அரியாட்னே ஒரே உருண்டை கொடுத்தது எவ்வளவு சாமர்த்தியம் என்று அப்போது புரியும்.

முன்பக்கமும் பின்பக்கமும் ஒட்டவில்லை

பின்பக்கம் வெறும் நீலம். அதையும் 35 கண்ணி, 31 வரப்பு என்று பின்னினால் முன்பக்கத்தைவிடப் பெரிதாக வரும். கடத்திய கண்ணிகள் துணியை உயரத்திலும் அகலத்திலும் இழுத்துப் பிடிப்பதால் மொசைக் எப்போதும் கொஞ்சம் சிறுத்திருக்கும். ஆகவே முன்பக்கத்தை முதலில் பின்னி, நனைத்து உலர்த்தி, அளந்து, பின்பக்கத்தை அந்த அளவுக்குப் பின்னுங்கள். என் கைக்கு 33 கண்ணி, 29 வரப்பில் பொருந்துகிறது. உங்கள் கை வேறாக இருக்கலாம்.

பக்கவாட்டுப் பட்டைக்கும் இதே கணக்கு. ஏழு கண்ணியில் நீளமாகப் பின்னி இரு பக்கமும் அடியும் சுற்றி வரச் செய்கிறோம். தாளில் 31, 35, 31 சேர்ந்து 97 வரப்பு. நேரில் சில வரப்பு குறையும். அடி நடுவிலிருந்து இரு பக்கமும் ஊசி குத்திக்கொண்டே மேலே வந்து, மிஞ்சுவதைப் பிரித்துவிடுங்கள். பட்டை அலை அலையாக நெளிந்தால் நீளம் அதிகம், முகம் உள்வாங்கினால் போதவில்லை.

பையின் வாய் பிளந்து நிற்கிறது

போரில் சக்கரவியூகத்துக்குள் நுழையத் தெரிந்த அபிமன்யுவுக்கு வெளியே வரத் தெரியவில்லை. ஹளேபீடு ஹொய்சளேசுவரர் கோயிலில் அந்த வியூகத்தைச் செதுக்கிய சிற்பி அதையும் புதிர்வழியாகத்தான் செதுக்கியிருக்கிறார். பின்னலில் நம்மில் பலர் அபிமன்யுக்கள். கண்ணி போட்டுத் தொடங்கப் பத்து முறை தெரியும், மூட ஒரே முறைதான் தெரியும், அதுவும் தொளதொளவென்று.

நம் பை கீழிருந்து மேலே வளர்கிறது, ஆகவே மூடும் ஓரம்தான் பையின் வாய். ஸ்வெட்டருக்குத் தளர மூட வேண்டும் என்று படித்ததை இங்கே மறந்துவிடுங்கள். பின்னிய அதே ஊசியில், அதே இறுக்கத்தில் மூடுங்கள். மூடிய பிறகும் வாய் தளர்ந்திருந்தால் பிரிக்காமல், உட்பக்கமாக நீல நூலால் ஒவ்வொரு மூடிய கண்ணியின் பின்காலிலும் குரோஷே வழுக்குத் தையல் ஒரு வரிசை போட்டால் ஒடுங்கிவிடும்.

சிவப்பு நூல் சாயம் விட்டுவிட்டது

அரியாட்னேயின் நூல் இல்லாமல் இந்தப் பை முழுமை பெறாது. பின்னி முடித்ததும் மெல்லிய சிவப்பு நூலால் வாசல் தொடங்கி நடு வரைக்கும் சங்கிலித் தையல் ஓட்டுவேன். கட்டத்துக்கு ஒரு சங்கிலி என்றால் சுமார் 400 சங்கிலி. ஒரு சாண் சதுரம்கூட இல்லாத அந்த இடத்துக்குள் வழியின் நீளம் இரண்டு மீட்டரைத் தாண்டுகிறது. நூல் ஏழெட்டு மீட்டர் வேண்டும்.

இரண்டாவது பையில் சிவப்பைச் சோதிக்காமல் தைத்து, நனைத்து, உலர வைத்தேன். காலையில் சந்தனம் ரோஜாப்பூ நிறமாக இருந்தது. இப்போதெல்லாம் சிவப்பு நூலை முதலில் வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றிப் பிழிந்து பார்க்கிறேன். கைக்குட்டை நிறம் மாறினால் அந்த நூல் வேண்டாம். சாயம் இறங்கிவிட்டது என்றால் உலரவே விடாதீர்கள். உடனே குளிர்ந்த நீரில், தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள். உலர்ந்த சாயத்தை எடுப்பது கடினம். வினிகர் ஊற்றினால் பிடித்துக்கொள்ளும் என்பார்கள். பருத்திச் சிவப்பு நூலுக்கு வினிகர் ஒன்றும் செய்யாது, பை ஊறுகாய் வாசனை அடிக்கும்.

சிவப்புச் சங்கிலி வழியையே மறைத்துவிட்டால் நூல் தடிமன். பூத்தையல் நூலில் மூன்று இழை போதும்.

வார் நீண்டுகொண்டே போகிறது

காலையில் வீட்டை விட்டுப் புறப்படும்போது இடுப்பில் இருந்த பை, மாலையில் பஸ் விட்டு இறங்கும்போது தொடையில் இடித்தது. பின்னிய வார் எதுவும் பாரம் தாங்கினால் நீளும். நான்கு கண்ணியில் குழாய்போலப் பின்னிய வாராக இருந்தால் அதற்குள் பருத்தி நாடா ஒன்றைச் செலுத்துங்கள். நாடாதான் பாரத்தைச் சுமக்கும், பின்னல் அதற்கு உடுப்பு. நாடா வாரைவிட இரண்டு செ.மீ. குட்டையாக இருக்கட்டும். ஏற்கெனவே தைத்துவிட்ட வார் என்றால் ஒரு முனையை மட்டும் பிரித்து, பாவாடைக்கு நாடா கோக்கும் ஊக்கால் உள்ளே தள்ளலாம். தட்டை வாராக இருந்தால் நாடாவை உட்பக்கம் வைத்துக் கையால் தையுங்கள். மெஷினில் கொடுத்தால் வார் நெளிந்து வரும்.

வாரை முகத்தில் தைக்காதீர்கள், புதிர்வழியின் மேல்மூலை கிழவியின் காதுபோலத் தொங்கிவிடும். பக்கவாட்டுப் பட்டையின் உள்ளே குறைந்தது நான்கு செ.மீ. இறக்கி, உள்துணியோடும் சேர்த்துத் தையுங்கள்.

பை வயிறு தள்ளுகிறது, பேனா வெளியே எட்டிப்பார்க்கிறது

வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஓட்டை ஓட்டையாக ஒளி தெரிந்தால் ஊசி பெரிது. நூல் சுற்றிய தாளில் போட்டிருக்கும் ஊசி அளவு ஸ்வெட்டருக்கு. பைக்கு அதைவிட ஓரிரு அளவு சிறிய ஊசி வேண்டும், விரல் வலிக்கத்தான் செய்யும்.

பின்னி முடித்துவிட்டால் உள்துணிதான் கதி. பாப்ளின் போதும். பை அளவுக்கு வெட்டாமல், ஆழத்தில் ஒரு செ.மீ. குறைத்துத் தையுங்கள். பாரம் உள்துணியில் நிற்கும், பின்னல் தொங்காது. உள்துணி பெரிதாக இருந்தால் பாரம் முழுவதும் பின்னலின் தலையில். காந்தப் பொத்தானையும் உள்துணியில்தான் வைக்க வேண்டும், பின்னால் ஒரு துண்டு கான்வாஸ் கொடுத்து. நேரே பின்னலில் குத்தினால் நாலாவது முறை திறக்கும்போது பொத்தான் கையோடு வரும்.

இஸ்திரி போட்டேன், பை செத்துவிட்டது

அக்ரிலிக் நூல். நம் ஊர்க் கடைகளில் ‘உல்லன்’ என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது அதுதான். சூட்டுப் பெட்டி தொட்டதும் வரப்புகள் படுத்து, துணி பளபளத்துத் துவண்டுவிடும். இதற்கு மருந்து இல்லை. அடுத்த முறை ஆவியை மட்டும் ஒரு சாண் உயரத்திலிருந்து காட்டுங்கள். நூலில் சந்தேகம் இருந்தால் வெட்டிய துண்டு ஒன்றைக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி முடி கருகும் வாசனையோடு பொடியாகும், அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணியாக உறையும்.

தேய்த்துக் கெட்டிப்படுத்தும் பைகளைப் படத்தில் பார்த்துவிட்டு இதையும் வெந்நீரில் போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அக்ரிலிக் கெட்டிப்படாது. கம்பளி கெட்டிப்படும், ஆனால் ஒரு கண்ணி அகலமுள்ள மதிலும் வழியும் ஒன்றோடொன்று கலந்து மங்கிவிடும், மினோட்டாருக்கே வழி தெரியாது.

நடுவில் வைத்த காளைத்தலை உதிர்ந்துவிட்டது

நடுவில் இருப்பது ஒரு கண்ணி அகல இடம். அங்கே உலோகப் பொத்தானைத் தொங்கவிட்டால் அந்தக் கண்ணி இழுபட்டு ஓட்டையாகும். உட்பக்கம் சிறிய சட்டைப் பொத்தான் ஒன்றை வைத்து, இரண்டையும் ஒரே நூலால் இறுக்கிக் கட்டுங்கள். என் அக்கா மகளுக்குப் பின்னிய பையில் காளைத்தலையே வைக்கவில்லை. மினோட்டாரைக் கொன்ற பிறகுதானே தீசியஸ் திரும்பினான் என்று அவள் கேட்டாள், சிவப்பு நூலின் கடைசி முடிச்சை மட்டும் அங்கே விட்டேன்.